தெற்குக் காட்டில் எவ்வளவு ஈரம்

காலை எட்டு மணிக்கு டிராக்டர்காரர் சோலைராஜ் போனில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதற்குப் பதில் தேடப் போய்த்தான் அன்றைக்கு அத்தனை கூத்தும் நடந்தது.

"தங்கச்சி, உங்க தெக்குக்காட்டுல எவ்வளவு ஈரம் இருக்கு? பதமா இருந்தா மத்தியானம் வந்து விதைச்சுக் குடுத்துருதேன். பன்னெண்டு மணிக்குள்ள சொல்லிரணும். இல்லைன்னா வண்டி விளாத்திகுளம் பக்கம் போயிரும். திரும்பி வர எட்டு நாளாவும்."

கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார். ஜெபிஷா போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிச் சன்னலைப் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோடு தெரிந்தது. தெற்குக் காடு முப்பது கிலோமீட்டர் தள்ளி, கருத்தானூரில் இருந்தது. மழை பெய்தது முந்தாநாள் ராத்திரி. அதற்கு முந்தின நாள் மத்தியானமே வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு சுந்தரம்மாளிடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக மூன்று பேரும் பஸ் ஏறிவிட்டார்கள். மழை பெய்ததே மறுநாள் ஆஸ்பத்திரி கேண்டீனில் யாரோ பேசித்தான் தெரியும்.

அப்பா ஜேசுதாசன் கண்ணில் மருந்து விட்டுப் படுத்திருந்தார். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அம்மா இஞ்ஞாசியம்மாள் கீழே மருந்துக்கு வரிசையில் நின்றாள். ஆக, மூன்று ஏக்கர் உளுந்தின் தலையெழுத்து பத்தொன்பது வயது ஜெபிஷா கையில் வந்து உட்கார்ந்தது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுகிறவள்.

கரிசல் மண்ணில் ஈரம் விளையாட்டுக் காரியம் இல்லை. விரற்கடை ஈரத்தில் விதைத்தால் விதை பாதி ஊறி, முளைக்கவும் மாட்டாமல் கிடக்கவும் மாட்டாமல் வீணாய்ப் போகும். கூடுதலாக இருந்தாலோ டிராக்டர் இறங்கின இடத்திலேயே உட்கார்ந்துவிடும். ஒரு சாணுக்கு மேல் ஈரம் இறங்கி, மேல் மண் கொஞ்சம் காய்ந்து நிற்க வேண்டும். அந்தப் பதம் ரெண்டு நாளைக்கு மேல் நிற்காது. எட்டு நாள் கழித்து சோலைராஜ் வந்து என்ன பிரயோசனம். ஐப்பசியும் பாதி போய்விடும்.

போய்ப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அப்பாவின் போனில் 'கருத்தானூர் சொந்தங்கள்' என்ற வாட்ஸ்அப் குழு இருந்தது. நூற்று எண்பத்து மூன்று பேர். அப்பாவுக்குப் படிக்க வராது என்பதால் நாலு வருஷமாக அதைப் படித்துச் சொல்லுவது ஜெபிஷாதான். ஒருநாளும் ஒரு எழுத்துப் போட்டதில்லை. அன்றைக்கு முதல் முதலாக எழுதினாள். எழுதி, அழித்து, திரும்ப எழுதி, அரை மணி நேரம் ஆனது.

"நான் ஜெபிஷா. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். கோவில்பட்டியில இருக்கோம். முந்தாநாள் எங்க தெக்குக்காட்டுல மழை எவ்வளவுன்னு யாராச்சும் பாத்திருந்தா சொல்லுங்க."

முதல் பதில் சுந்தரம்மாளிடமிருந்து குரலாக வந்தது. அவளுடைய காடு இவர்கள் காட்டுக்குக் கிழக்கே இருந்தது.

"என்னத்த மழை பிள்ளே. நாலு தூத்தல் விழுந்துச்சு. அம்புட்டுத்தான்."

அடுத்தது பூவனலிங்கம். இவர் காடு மேற்கே. அப்பாவுக்கும் அவருக்கும் வரப்புத் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. குழுவில்கூட அப்பா பேரைச் சொல்லாமல்தான் பேசுவார். "எங்க காட்டுல மழை அமோகம். பக்கத்துக் காட்டைப் பத்தி நமக்குத் தெரியாது."

சங்கரபாண்டி உள்ளே புகுந்தார். மைக்செட் கடைக்காரர். குழுவை ஆரம்பித்தவரும் அவர்தான்.

"சுந்தரம்மா மதினி நாலு தூத்தல்னா நாலு அண்டா நெறஞ்சிருக்குன்னு அர்த்தம். பூவனலிங்கம் மச்சான் அமோகம்னா குடைய எடுக்காண்டாம்."

இதில் பொய் இல்லை. அந்தப் பக்கத்தில் மழையை உள்ளபடி சொல்லுகிற வழக்கம் கிடையாது. நல்ல மழை பெய்தவர்கள் கண் பட்டுவிடும் என்று தூறல் என்பார்கள். பெய்யாதவர்கள், தங்கள் காட்டை மட்டும் வானம் ஒதுக்கிவிட்டது என்பதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் அமோகம் என்பார்கள். நேரில் பேசினால் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எழுத்துக்கும் குரலுக்கும் முகம் ஏது?

ஜெபிஷா கணக்குப் போட்டுப் பார்த்தாள். கிழக்கே பெய்திருக்கிறது, மேற்கே பெய்யவில்லை. நடுவில் இருப்பது இவர்கள் காடு. மாட்டின் ஒரு கொம்பு நனைய மறுகொம்பு காயும் என்று சொல்லுகிற ஊர். மழை எந்த இடத்தில் நின்றது என்று யாரைக் கேட்பது? ஒருவேளை சுந்தரம்மாள் சொன்னது உள்ளபடியே தூறல்தானோ என்றும் இருந்தது. அப்படியானால் மூன்று காடுமே காய்ந்து கிடக்கிறது.

அதற்குள் குழு வேறு பக்கம் போய்விட்டது. யாரோ ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார்கள். கடற்கரைத் தாத்தாவின் வெள்ளாடு ஒன்று நேற்றிலிருந்து காணவில்லை. காதில் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது தன்னுடையது என்று போட்டிருந்தார். "என் காதிலயும் வெள்ளைப் புள்ளி இருக்கு தாத்தா, வந்து பிடிச்சுக் கெட்டுங்க" என்றான் ஒருத்தன். கரண்ட் போகுமா போகாதா என்று நாலு பேர் கேட்டார்கள். நாலு பேர் நாலு நேரம் சொன்னார்கள். கம்மல் விற்கிற வனிதா புதுக் கம்மல் படங்களைப் போட்டுவிட்டு, ஜெபிஷாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பாவுக்கு எப்படி இருக்குட்டி? ஒரு போட்டோ போடேன், பாப்போம்."

மரியாதைக்குப் போடாமல் இருக்க முடியாது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பாவைப் படம் எடுத்தாள். மருந்து விட்டதால் கண்ணை மூடியிருந்தார். பக்கத்துக் கட்டில்காரரின் கால்கள் படத்தில் தெரிந்தன. சொட்டு மருந்துப் பாட்டில், சாப்பாட்டுத் தூக்கு, எல்லாம் தெரிந்தது. ஊரே பார்க்கிற படம் என்று அதையெல்லாம் வெட்டிவிட்டாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவர், அப்பாவின் முகம், இவ்வளவுதான் மிஞ்சியது. 'நல்லா இருக்காவ' என்று கீழே எழுதலாம் என்று விரலைக் கொண்டுபோனபோது, "போனை வையிம்மா, டாக்டர் வாரார்" என்று நர்ஸ் பின்னால் வந்து நின்றாள். பதறிப்போய் எதையோ அழுத்தினாள். படம் மட்டும் போய்விட்டது.

டாக்டர் வந்து, டார்ச் அடித்துப் பார்த்து, சாயங்காலம் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெபிஷா போனை எடுத்தபோது படத்துக்குக் கீழே பதினோரு கும்பிடு இருந்தது.

சங்கரபாண்டி "எப்போ?" என்று கேட்டிருந்தார். அடுத்து "ராத்திரிகூட நல்லாப் பேசுனாரே" என்று ஒருத்தர். இவர் முந்தாநாள் ராத்திரியைச் சொல்கிறாரா, போன மாதத்தைச் சொல்கிறாரா தெரியவில்லை. அதற்கு அடுத்து, "ஆழ்ந்த இரங்கல்."

அந்தச் சொல்லை ரெண்டு தடவை படித்த பிறகுதான் ஜெபிஷாவுக்கு விஷயம் விளங்கியது. கருத்தானூர் சொந்தங்களில் கல்யாணப் படம் என்றால் பூப்போட்ட சட்டம் இருக்கும். பிறந்தநாள் என்றால் பலூன் இருக்கும். வயசான ஒருவரின் முகம் மட்டும், ஒரு வார்த்தையும் இல்லாமல் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாலு வருஷமாகப் படிக்கிறவளுக்கு இது தெரியாதா? இறந்தவர் போனிலிருந்தே பிள்ளைகள் போடுவதும் வழக்கம்தான்.

படத்தை அழிக்கப் போனாள். எப்படி அழிக்க என்று ரெண்டு வரி வந்தது. கீழ் வரியைத் தொட்டாள். படம் மறைந்தது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் கும்பிடு மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. இருபது, முப்பது. இல்லாத படத்துக்கு எதற்குக் கும்பிடுகிறார்கள் என்று புரியாமல் விழித்தாள். அவள் அழித்தது அவள் கையில் இருந்த போனில் மட்டும்தான் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது சுந்தரம்மாள் கூப்பிட்டாள்.

"ஏட்டி ஜெபிஷா, எப்படிட்டி இருக்க? எங்க அண்ணாச்சி எங்கட்டி போனாவ?"

"அத்தை, அப்பா... இல்ல... அப்பா இங்கனதான்..."

"அழாத பிள்ளே. நீ பேசாண்டாம். நாங்க இருக்கோம். அம்மா எங்கன?"

"கீழ. மருந்துக்கு. அத்தை, அப்பாவுக்கு ஒண்ணும்..."

"ஒண்ணும் இல்லாம ஆக்கிட்டுப் போயிட்டாரே அந்த மனுஷன்" என்று சுந்தரம்மாள் ஓங்கி அழ ஆரம்பித்தாள். பின்னால் வேறு பெண்களும் அழுகிற சத்தம் கேட்டது. ஜெபிஷாவின் சத்தம் எப்போதுமே தொண்டைக்கு மேல் ஏறாது. அதில் இப்போது நடுக்கமும் சேர்ந்ததால் மிச்சம் ஒன்றும் அந்தப் பக்கம் போகவில்லை. "பிள்ளைக்குப் பேச்சே வரல" என்று சுந்தரம்மாள் யாரிடமோ சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. போன் நின்றுவிட்டது.

குழுவில் எழுதிப் பார்த்தாள். "அப்பா நல்லா இருக்காவ."

உடனே பதில் வந்தது. "ஆமா மகளே. ஆண்டவர் மடியில நல்லாத்தான் இருப்பாவ."

இன்னொருத்தர், "இந்த நேரத்துலயும் பிள்ளைக்கு என்ன விசுவாசம் பாருங்க" என்றார்.

பத்தரை மணிக்கு சங்கரபாண்டி அறிவிப்புப் போட்டார். "நமது ஊர் ஜேசுதாசன் அவர்கள் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் காலமானார். கோயிலில் துக்கமணி அடித்தாயிற்று. மேகம் கூடுவதால் குழி இப்போதே வெட்டப்படுகிறது. அடக்கம் ஆகும்வரை யாரும் காட்டில் ஏர், டிராக்டர் இறக்க வேண்டாம்."

இதுவும் அந்த ஊரின் கட்டு. தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை துக்கமணி அடித்தால் அடக்கம் முடிகிறவரை இரும்பு மண்ணில் இறங்கக் கூடாது. குழி வெட்டுகிற மண்வெட்டிக்கு மட்டும்தான் விலக்கு. கிறிஸ்தவர்களான வேதக்காரர்கள், இந்துக்கள் என்ற பேதம் அதில் இல்லை. கீழ்க்காட்டில் யாருக்கோ விதைத்துக்கொண்டிருந்த சோலைராஜ் பாதிச் சாலில் வண்டியை நிறுத்திவிட்டு, "மரியாதை நிமித்தம் வண்டி நின்றது" என்று போட்டிருந்தார்.

ஈரம் எவ்வளவு என்று கேட்கப் போனவள் ஊர் விதைப்பையே நிறுத்திவிட்டாள்.

மருந்துப் பையோடு அம்மா மேலே வந்தாள். ஜெபிஷா போனை நீட்டினாள். அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். கட்டிலைப் பார்த்தாள். திரும்பப் போனைப் பார்த்தாள்.

"இது எந்த ஜேசுதாசன்?"

"அப்பாதாம்மா."

"அப்பா இந்தா இருக்காவளே."

"ஆமா."

அம்மா அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது. "என்னங்க" என்றாள். "ஊர்ல நீங்க செத்துட்டீங்களாம்."

அப்பா கண்ணைத் திறக்காமலே, "யார் சொன்னா?" என்றார்.

"சங்கரபாண்டி அறிவிப்புப் போட்டிருக்கான்."

"அவன் கரண்ட் வரும்னுகூடத்தான் போடுவான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பூவனலிங்கம் என்ன போட்டிருக்கான்?" என்றார்.

ஜெபிஷா தேடிப் படித்தாள். "அண்ணனுக்குக் குழி நான்தான் வெட்டுவேன். காட்டுக்குக் காடு பக்கத்துக்காரன். வேற எவனும் மம்பட்டிய எடுக்கக் கூடாது."

அப்பாவின் முகத்தில் என்ன இருந்தது என்று ஜெபிஷாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கேட்டார்: "அது சரி. தெக்குக்காட்டு மழைய யாராச்சும் சொன்னானா?"

மணி பதினொன்று தாண்டியிருந்தது. அப்பாவையே பேசச் சொல்லி குரலைப் பதிந்து போட்டாள். "ஏலே சங்கரபாண்டி, நான் ஜேசுதாசன் பேசுதேன். எனக்கு ஒண்ணும் இல்லை. தெக்குக்காட்டுல எவ்வளவு ஈரம்னு பாத்துச் சொல்லுலே."

கடற்கரைத் தாத்தாவின் குரல் வந்தது. "பழைய ஆடியோவ எல்லாம் எதுக்கும்மா போடுத. கேக்க நெஞ்சை அடைக்கி. பாவம், கடைசி வரைக்கும் அந்த மனுஷனுக்கு மழை நெனப்புத்தான்."

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நாம உசுரோட இருக்கோமா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்குட்டி" என்றாள்.

வேறு வழியில்லை. ஜெபிஷா வாழ்க்கையில் முதல் தடவையாக வெளி ஆளுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். சங்கரபாண்டி எடுத்தார். பின்னால் வானமும் சிலுவைகளும் தெரிந்தன. கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்.

"சொல்லும்மா. எப்ப கெளம்புதீங்க? ஆம்புலன்ஸ் வந்துட்டா?"

ஜெபிஷா போனை அப்பா பக்கம் திருப்பினாள். அப்பா கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஏலே."

சங்கரபாண்டி திரையை உற்றுப் பார்த்தார். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அப்படியே மண் மேட்டின்மேல் உட்கார்ந்தார். "ஏட்டி, இது யாரு?"

"அப்பா" என்றாள் ஜெபிஷா.

"அப்போ செத்தது யாரு?"

"யாரும் சாகல."

பத்துத் தலைகள் ஒன்றாகத் திரைக்குள் வந்தன. "கண்ணாடி போட்டிருக்காரு" என்றது ஒரு குரல். "ஆள் அவர்தான், காதைப் பாரு" என்றது இன்னொன்று. தலைகளை விலக்கிக்கொண்டு, தோள்வரை கறுப்புச் சகதியாக ஒருவர் குழிக்குள்ளிருந்து ஏறி வந்தார். பூவனலிங்கம். மூச்சு வாங்கியது. அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தார்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு அப்பாதான் முதலில் கேட்டார். "எம்புட்டு ஈரம்லே?"

"ரெண்டு சாண்ணே" என்றார் பூவனலிங்கம், அதையே கேட்கட்டும் என்று காத்திருந்தவர் மாதிரி. "ரெண்டு சாணுக்கு வெண்ணெய் மாரி இறங்குச்சு. மூணாவது சாண்ல மம்பட்டி டங்குன்னு நின்னுட்டு. மேல ரெண்டு விரக்கடை காஞ்சிருக்கு. நல்ல பதம்."

"அது கல்லறைத் தோட்டத்து மண்ணுல்லா."

"உங்காட்டுக்கும் இதுக்கும் நடுவுல ஒத்த வரப்புத்தானண்ணே. நான் தாண்டி உங்காட்டுலயும் ஒரு வெட்டு வெட்டிப் பாத்தேன். அதே ஈரந்தான்."

எதற்காகச் செத்தவர் காட்டில் வெட்டிப் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை.

பதில் கிடைத்துவிட்டது. பதினொன்று நாற்பது. ஆனால் அங்கேயே அடுத்த சிக்கல் முளைத்தது. கடற்கரைத் தாத்தா, மணி அடித்தது அடித்ததுதான் என்றார். அடக்கம் ஆகிறவரை டிராக்டர் இறங்கக் கூடாது.

"அடக்கத்துக்கு ஆள் வேணுமே தாத்தா" என்றார் சங்கரபாண்டி.

"அது எனக்குத் தெரியாது. நம்ம ஊர்ல மணியத் திருப்பி அடிச்ச வழக்கம் உண்டா? கோயில்பிள்ளை, நீ சொல்லு."

கோயில்பிள்ளை, அடிக்கத் தெரியும், அடித்ததை எடுக்கத் தெரியாது என்றார். ஒருத்தர் பங்குச் சாமியாருக்குப் போன் போடச் சொன்னார். ஒருத்தர் நாளைக்கு விதைக்கலாம் என்றார். "நாளைக்கு நான் இருக்க மாட்டேன்" என்று சோலைராஜின் குரல் பின்னாலிருந்து கேட்டது. அப்பா, "ஏலே, ஏலே" என்று கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் போனைக் கவனிக்கவில்லை. அவரைப் பற்றித்தான் அத்தனை பேரும் பேசினார்கள்.

ஜெபிஷா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். இவ்வளவு சத்தம் தனக்குள் இருப்பது அவளுக்கே தெரியாது. வார்டில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

"தாத்தா, மணி யாருக்காக அடிச்சிய?"

"ஒங்க அப்பாவுக்கும்மா."

"அவியளுக்கு மரியாதையாத்தானே வண்டிய நிறுத்துனிய. அவியளே விதைக்கச் சொல்லுதாவ. செத்தவுக சொன்னா கேப்பிய, இருக்கவுக சொன்னாக் கேக்க மாட்டியளா?"

சொல்லி முடித்ததும், சொன்னது சரிதானா, இதில் ஞாயம் இருக்கிறதா என்று அவளுக்கே குழம்பியது. காது ரெண்டும் சுட்டது.

"பிள்ளை பேசுததுல என்னமோ இருக்கு" என்றார் கடற்கரைத் தாத்தா. "என்னன்னுதான் பிடிபடல. சரி, வெட்டுன குழியச் சும்மா விடக் கூடாது. ஒரு கட்டு சோளத்தட்டையப் போட்டு மூடுங்க. அதோட அடக்கம் ஆச்சுன்னு வச்சுக்கிடுவோம்."

சோளத்தட்டை இறங்கியது. சோலைராஜ் வண்டியைக் கிளப்பினார். விதை மூட்டைக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. பிரேதம் கிடத்த இடம் வேண்டும் என்று சுந்தரம்மாள் ஏற்கெனவே வீட்டைத் திறந்து, மூட்டையை வாசலுக்கு உருட்டியிருந்தாள். துக்கத்துக்குப் போட்ட நாற்காலிகளில் ஒன்றின்மேல்தான் அது இருந்ததாம்.

மூன்று மணிக்கு பூவனலிங்கம் ஒரு வீடியோ அனுப்பினார். குழுவில் போடவில்லை. அப்பாவின் போனுக்கு மட்டும் வந்தது. அப்பா கண்ணாடியோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ பாத்துச் சொல்லு. நம்ம காடுதானா? மேல வரப்பு வரைக்கும் விதைச்சிருக்கா, பாரு."

ஜெபிஷா பார்த்தாள். நடந்துகொண்டே எடுத்த வீடியோ. கறுப்பு மண், அதற்குமேல் கறுப்பு மேகம், நடுவில் சிவப்பு டிராக்டர். வரப்பு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் இவர்களுடையது, எந்தப் பக்கம் பூவனலிங்கத்துடையது, ஒன்றும் பிரிபடவில்லை. ரெண்டாம் தடவை போட்டாள். டிராக்டருக்குப் பின்னால், துக்க வீட்டுக்கென்று உடுத்திய வெள்ளைச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு சுந்தரம்மாளும் இன்னும் நாலு பெண்களும் நடந்தார்கள். மேலே கிடந்த உளுந்தைக் காலால் மண்ணுக்குள் தள்ளிக்கொண்டே வந்தார்கள். யாரோ ஏதோ சொல்ல, சுந்தரம்மாள் சிரித்தாள்.

"வரப்பு தெரியலப்பா" என்றாள் ஜெபிஷா. "ஆனா விதை விழுது."

"விழட்டும்" என்றார் அப்பா. கண்ணாடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு மல்லாந்து படுத்தார்.